கணக்குக் கேட்கிற வீடு



மலருக்குக் கட்டுரை கேட்டபோது, "நீ மெக்கானிக்கல்தானே, சி.என்.சி. பற்றி எழுது, இல்லேன்னா எலெக்ட்ரிக் வண்டி பற்றி எழுது" என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். நான் ஒரு நாவலைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் சிரித்தார்கள். டிப்ளமோக்காரனுக்கு நாவல் எதற்கு? நியாயமான கேள்விதான். எங்க வீட்டில் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் இருந்ததே இல்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டி, வேலை தரும் படிப்பு என்று ஒன்றைப் படிக்க வெளியூருக்கு வந்த முதல் ஆள் நான்தான். அதனால்தான் இந்த நாவல் என்னைப் பிடித்துக்கொண்டது. இது படித்தவர்களுக்கான கதை இல்லை. கீழே இருந்து மேலே ஏறும் ஒரு குடும்பத்தின் கதை. நாம் எல்லாரும் ஏறிக்கொண்டுதானே இருக்கிறோம்?

நாவலின் பெயர் 'காச்சர் கோச்சர்'. கன்னடத்தில் எழுதியவர் விவேக் ஷான்பாக். கன்னடத்தில் 2013-ல் வந்தது. ஸ்ரீநாத் பெரூர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த பிறகு உலகம் முழுக்கப் போனது. தமிழிலும் கிடைக்கிறது. எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில், பருவத் தேர்வு விடுமுறையில், மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கிற பெஞ்சு காலியாக இருந்ததால் உட்கார்ந்து, கையில் கிடைத்ததை எடுத்தேன். நூறு பக்கத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இன்னொரு செய்தி, நம்மைப் போன்றவர்கள் சந்தோஷப்பட: ஷான்பாக் படித்தது பொறியியல். ஆகவே சிரித்த நண்பர்கள் கொஞ்சம் அடங்கலாம்!

கதை என்ன?

பெங்களூரில் ஒரு காபி ஹவுஸ். அங்கே தினமும் வந்து உட்காருகிறான் ஒருவன். வேலை இருக்கிறது, ஆனால் வேலை இல்லை. குடும்பத் தொழிலில் அவன் டைரக்டர். மாதம் பிறந்தால் கணக்கில் பணம் விழும். அலுவலகத்தில் அவன் செய்வதற்கு ஒன்றும் கிடையாது. அவன்தான் கதை சொல்கிறான். கடைசி வரை அவன் பெயர் என்ன என்று நமக்குத் தெரியாது. அவன் மனசில் இருப்பதை அவன் சொல்லாமலே புரிந்துகொள்கிறவர் மாதிரி ஒரு சர்வர் இருக்கிறார், வின்சென்ட்.

அவன் குடும்பம் முன்பு இப்படி இல்லை. ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக நான்கு சின்ன அறைகள் உள்ள வீடு. அப்பா டீத்தூள் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. அம்மா, அக்கா மாலதி, சித்தப்பா, இவன். ஐந்து பேருக்கும் ஒருவர் சம்பளம். வீடு முழுக்க எறும்பு. அம்மாவுக்கு எறும்போடு ஓயாத போர். பிறகு அப்பாவின் வேலை போகிறது. கையில் வந்த பணத்தைச் சித்தப்பாவின் யோசனைப்படி தொழிலில் போடுகிறார்கள். கேரளத்திலிருந்து மொத்தமாக மசாலாப் பொருள் வாங்கி, சின்னச் சின்ன பாக்கெட்டாகப் போட்டு விற்பதுதான் தொழில். பெயர் 'சோனா மசாலா'. தொழில் பிடித்துக்கொள்கிறது. புது வீடு, புது சாமான், புது மனிதர்கள். அந்த வீட்டுக்கு மருமகளாக வருகிறாள் அனிதா. அவள் வந்த பிறகுதான் வீட்டின் உண்மையான முகம் வாசகனுக்குத் தெரிகிறது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. படித்து முடித்து, புத்தகத்தை மூடிவிட்டு, கொஞ்ச நேரம் நான் எழுந்திருக்கவில்லை. நூலகர் வந்து "தம்பி, மூடுற நேரம்" என்றார்.

தலைப்புக்கு என்ன அர்த்தம் என்கிறீர்களா? எந்த மொழி அகராதியிலும் இல்லை. அனிதாவின் பிறந்த வீட்டில், அவர்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது உண்டாக்கிக்கொண்ட சொல். பிரிக்கவே முடியாத சிக்கல் என்று வைத்துக்கொள்ளலாம். நூல் சிக்கு விழுந்து கிடக்குமே, அது மாதிரி.

"காசு வந்தா குணம் போயிடும்"

இந்தக் கதையை நான் பஸ்ஸில் நண்பர்களிடம் சொன்னேன். எல்லாரும் ஒரே தீர்ப்புதான் சொன்னார்கள்: "காசு வந்தா குணம் போயிடும்டா." ஒருத்தன் பழமொழியே எடுத்துவிட்டான், அற்பனுக்கு வாழ்வு வந்தா அர்த்த ராத்திரியில குடை பிடிப்பான் என்று.

எனக்கு அந்தப் பழமொழி பிடிக்காது. ஏன் தெரியுமா? அதை உண்டாக்கியவன் கையில் முன்னாடியே குடை இருந்திருக்கும்! வெயிலில் குடை பிடிக்கக்கூட உரிமை இல்லாமல் இருந்தவன் முதல் முதலாக ஒரு குடை வாங்கினால், அதை ராத்திரியில்தான் பிடித்துப் பார்ப்பான். அதில் என்ன தப்பு? நான் முதல் மாதச் சம்பளத்தில் அப்பாவுக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கித் தரணும் என்று இருக்கிறேன். அது குணக்கேடா?

ஏழையாக இருந்தவரை நல்லவர்கள், பணம் வந்ததும் கெட்டவர்கள் என்று இந்த நாவலைப் படித்தால் அது தவறு என்பது என் கருத்து. அப்படிச் சொல்வது யாருக்கு வசதி? நாம் இருக்கிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு வசதி. வறுமை ஒன்றும் நற்குணப் பள்ளிக்கூடம் இல்லை. எங்கள் தெருவில் ஒரு குடம் தண்ணீருக்காக மண்டை உடைந்திருக்கிறது. இந்த நாவலிலும், எறும்பைக் கொல்லும்போது அந்த அம்மாவுக்கு வருகிற மூர்க்கம் புது வீட்டில் பிறந்ததல்ல. பழைய வீட்டிலேயே இருந்தது. பணம் வந்த பிறகு அது எறும்பிலிருந்து மனிதர் மேல் திரும்புகிறது.

அப்படியானால் எது மாறியது? இதைத்தான் நான் ரொம்ப நாள் யோசித்தேன். எனக்குக் கிடைத்த பதில் நாவலின் ஒரு சின்னக் காட்சியில் இருக்கிறது.

அப்பா தினமும் வசூல் செய்து வந்த பணத்தை வீட்டில் வைத்துக் கணக்கு எழுதுவார். ஒரு நாள் கணக்கு இடிக்கிறது. பணம் குறைகிறது. வீடே பதறிப்போகிறது. எல்லாரும் உட்கார்ந்து, பில் பில்லாகப் பார்த்து, கூட்டிக் கழித்துத் தேடுகிறார்கள். சின்னப் பிள்ளைக்குக்கூட அந்தக் கணக்கு தெரியும், அந்தப் பயம் தெரியும். ஏனென்றால் அந்தப் பணம் குறைந்தால் எல்லார் சாப்பாட்டிலும் குறையும்.

அதே குடும்பம் புது வீட்டுக்குப் போன பிறகு? சோனா மசாலாவில் பணம் எப்படி வருகிறது, யார் மூலமாக வருகிறது, யாருக்கு என்ன கொடுத்து வேலை நடக்கிறது, ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. சித்தப்பா சம்பாதிக்கிறார், போதும். அவருக்கு வேண்டிய நேரம் டீ, வேண்டிய பலகாரம், அவர் மனம் கோணாமல் பேச்சு. மற்றபடி யாரும் ஒன்றும் கேட்பதில்லை.

பழைய வீட்டில் கணக்கு நடு அறையில் விரித்துக் கிடந்தது. புது வீட்டில் கணக்கே இல்லை. மாறியது இதுதான். பணம் வந்ததால் நேர்மை போகவில்லை. கணக்குக் கேட்பது நின்றுபோனதால் நேர்மை போனது. பணம் இருந்தும் கணக்குக் கேட்கிற வீடு நேர்மையாக இருக்க முடியும் என்று நான் நம்புகிறேன். நம்பித்தான் ஆகணும். இல்லாவிட்டால் நாம் எதற்குப் படிக்கிறோம்?

ஒற்றுமை என்றால் என்ன?

ஒரு நாள் அந்தப் புது வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நிற்கிறாள். கையில் சாப்பாட்டுப் பாத்திரம். சித்தப்பாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள். அவருக்குப் பிடிக்கும் என்று மைசூர்ப் பருப்பில் குழம்பு செய்து எடுத்து வந்திருக்கிறாள். அவளுக்கும் அவருக்கும் என்ன உறவு என்று நமக்கே புரிந்துவிடுகிறது. அம்மாவும் மாலதியும் அவளை என்னவெல்லாம் பேச முடியுமோ அதெல்லாம் பேசி விரட்டுகிறார்கள். அவள் கொண்டு வந்த குழம்பு தெருவில் கொட்டுகிறது. உள்ளே இருக்கும் சித்தப்பா வெளியே வரவே இல்லை. அப்பா, மகன் யாரும் தடுக்கவில்லை. அந்த வீட்டில் நியாயம் கேட்டவள் ஒருத்திதான். அனிதா.

நம் சினிமாவில் குடும்ப ஒற்றுமை என்றால் கைதட்டுவோம். எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் அது நல்ல குடும்பம். இந்த நாவல் கேட்கிறது: எல்லாரும் ஒன்றாக நிற்கிறீர்களே, யாருக்கு எதிராக நிற்கிறீர்கள்? ஐந்து பேர் சேர்ந்து ஒரு தப்புக் கணக்கைத் தேடினால் அது ஒற்றுமை. ஐந்து பேர் சேர்ந்து ஒரு தப்பை மறைத்தால் அதற்கும் ஒற்றுமை என்றுதான் பேர். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

"அதெல்லாம் பணக்காரங்க வீட்டுக் கதைடா. நம்ம வீட்டுல சித்தப்பாவும் இல்ல, சோனா மசாலாவும் இல்ல" என்றான் பஸ் நண்பன். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாதிப் புத்தகம் வரை.

எங்க வீட்டு சித்தப்பா

இப்போது என் வீட்டுக் கணக்கை விரிக்கிறேன். தயவுசெய்து யாரும் பரிதாபப்பட வேண்டாம்.

எங்க ஊர் ராஜபாளையத்துக்குப் பக்கம். சத்திரப்பட்டி பக்கம் போனால் தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்கும். ஆஸ்பத்திரியில் கட்டுப்போடுகிற பேண்டேஜ் துணி அங்கேதான் ஓடுகிறது. அப்பா தறி ஓட்டுகிறார். அண்ணன் பத்தாவதோடு நிறுத்திவிட்டு இன்னொருவரின் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அக்கா 2019-ல் பிளஸ் டூ முடித்தாள். என்னைவிட நல்ல மார்க். மேலே படிக்க வைக்க வழியில்லை என்று மில்லுக்கு அனுப்பினார்கள். இரண்டு வருஷம் வேலை, அப்புறம் கல்யாணம். அரசுப் பள்ளியில் படித்து மேலே படிக்கும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிற புதுமைப் பெண் திட்டம் 2022-ல் வந்தது. பையன்களுக்கு அதே 1000 ரூபாய் தருகிற தமிழ்ப் புதல்வன் 2024-ல் வந்தது. எனக்கு அது பஸ்ஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகிறது. அக்காவுக்கு இரண்டுமே வந்து சேரவில்லை. திட்டம் வரும்போது அவள் மில்லை விட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள்.

எங்க வீட்டில் முட்டை வாங்கினால் ஒரு முட்டைதான் முழு முட்டை. அது எனக்கு. "படிக்கிற பிள்ளை" என்பார் அம்மா. மற்றவர்களுக்கு அதே குழம்பில் பாதி முட்டை, இல்லாவிட்டால் வெறும் குழம்பு. கரண்ட் போனால் ஒரே ஒரு சார்ஜர் விளக்கு என் முன்னால் இருக்கும். நான் படிக்கும்போது டி.வி. கிடையாது. நான் தூங்கும்போதும் கிடையாது. நான் குடித்த டம்ளரை நான் கழுவியதில்லை. சின்ன வயதிலிருந்தே இப்படி இருந்ததால் இது ஒரு சலுகை என்றே எனக்குத் தெரியாது. சலுகை என்றால் கார், ஏ.சி., ஆங்கில மீடியம் என்றுதான் நினைத்திருந்தேன். நாவலில் சித்தப்பாவுக்கு வேண்டிய நேரம் டீ போகும் இடத்தைப் படித்தபோதுதான் சுரீர் என்றது. எங்க வீட்டு சித்தப்பா நான்தான். அந்த சித்தப்பாவாவது சம்பாதித்தார். நான் சம்பாதிக்கப் போகிறேன் என்ற பேச்சுக்கே இவ்வளவு மரியாதை!

அண்ணி எங்க வீட்டுக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. மசாலா பாக்கெட் போடுகிற ஒரு இடத்துக்கு வேலைக்குப் போகிறார். (நாவலில் சோனா மசாலா என்று வந்ததும் என் மனசு கதையை விட்டுவிட்டு பாக்கெட் போடுகிற கைகளைத்தான் தேடியது. அந்தக் கைகளுக்குக் கதையில் முன்வரிசை இடம் இல்லை. கதை சொல்கிறவன் கண்ணுக்கு அவர்கள் படுவதில்லை. அவன் அப்படிப்பட்டவன்தான், என்ன செய்ய!) மிளகாய்த்தூள் போடுகிற நாளில் அண்ணிக்குக் கை எரியும். வீட்டுக்கு வந்ததும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவார். குழந்தை ஓடி வந்தாலும் தூக்க மாட்டார். "கண்ணுல பட்டுரும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

அந்தக் கூலியில் வாரம் 250 ரூபாய் ஏலச்சீட்டுக்குப் போகும். அண்ணன் இன்னொரு 250 போடுவார். போன ஜூனில் எனக்கு மூன்றாம் ஆண்டுக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டும் ஒன்றாக வந்தன. அம்மா அண்ணனிடம் சொன்னார். அண்ணன் சீட்டைத் தள்ளுபடிக்கு எடுத்தார். பணம் என் கைக்கு வந்தது. நான் கட்டினேன்.

அடுத்த ஞாயிறு அக்கா வந்திருந்தாள். எல்லாரும் சாப்பிடும்போது அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சீட்டுல என் பங்கும் இருக்குல்ல. எடுக்கறதுக்கு முந்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

கொடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எனக்குப் படிப்பு எதற்கு என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் கேட்டார். அவ்வளவுதான், வீடே ஒன்றாகிவிட்டது. "நேத்து வந்தவ கணக்குக் கேக்குறியா" என்றார் அம்மா. "தம்பி படிப்பக் கெடுக்கவா வந்த" என்றாள் அக்கா. படிப்பை இழந்தவள் அவள்தான், ஆனாலும் அவள்தான் அப்படிக் கேட்டாள். அப்பா கை கழுவ எழுந்து போனார். அண்ணன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் என்ன செய்தேன்? முட்டையைச் சாப்பிட்டேன்.

உண்மையாகவே, சாப்பிட்டேன். எனக்காகத்தான் சண்டை. நான் ஒரு வார்த்தை பேசினால் நின்றிருக்கும். "அண்ணி கேட்கிறது சரிதானம்மா" என்று நான் சொல்லியிருந்தால் அம்மா என்னைத் திட்டியிருக்க மாட்டார். படிக்கிற பிள்ளையை யார் திட்டுவார்? பேசினால் எனக்கு எந்த நஷ்டமும் இல்லாத ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான். நான்தான் பேசவில்லை.

பேசாமல் இருப்பவன்

இந்த நாவலில் மிகப் பெரிய குற்றவாளி யார் என்று கேட்டால் பலர் அம்மாவை, மாலதியைச் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கத்துகிறார்கள், திட்டுகிறார்கள், வெளியே தெரிகிறார்கள். கதை சொல்கிறவன் அவர்களைவிட மோசம். அவன் யாரையும் திட்டுவதில்லை. கெட்ட வார்த்தை பேசுவதில்லை. அவன் வெறுமனே இருக்கிறான். காபி ஹவுஸில் போய் உட்கார்ந்துகொள்கிறான். அவனுக்காக மற்றவர்கள் செய்யும் கொடுமையில் அவனுக்கும் மாதச் சம்பளம் வருகிறது. நம் கையில் ரத்தம் படாமலே நாம் ஒரு தப்பில் பங்காளி ஆகலாம் என்பதை இவ்வளவு அமைதியாகச் சொன்ன கதையை நான் படித்ததில்லை. நான் படித்ததே கொஞ்சம்தான், அது வேறு.

ஒரு எதிர்க்கேள்வியும் இருக்கிறது. மறைக்காமல் சொல்கிறேன். "அனிதா அந்தக் கஷ்ட காலத்தில் அந்த வீட்டில் இல்லை. எறும்பு வீட்டில் அவள் வாழவில்லை. மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து அவர்கள் வாழ்ந்ததை அவள் பார்க்கவில்லை. வந்த உடனே நியாயம் பேசுவது சுலபம்" என்றாள் எங்கள் வகுப்பு மாணவி ஒருத்தி. யோசிக்க வேண்டிய பேச்சுதான். நம் வீட்டுக் கஷ்டம் தெரியாதவர்கள் நம்மை எடைபோடும்போது நமக்கும் கோபம் வருகிறதே. அறுவை சிகிச்சை செய்கிறவரைப் பார்த்து, ரத்தம் வருகிறதே என்று கேட்கிற மாதிரி இருக்கும்.

ஆனாலும் நான் அனிதா பக்கம்தான். காரணம் இது. உள்ளே இருப்பவர்களுக்குக் கண் பழகிப்போகும். எங்க வொர்க்ஷாப்பில் மிஷின் சத்தம் மாறினால் தினமும் அதில் நிற்கிறவனுக்குத் தெரியாது. பக்கத்து பெஞ்சிலிருந்து வருகிறவன்தான் "என்னடா, பேரிங் கத்துது" என்பான். வீட்டுக்கும் அப்படி ஒரு காது வேண்டும். பெரும்பாலும் அந்தக் காது மருமகளாக வருகிறது. நாம் அதற்கு "வந்தவ" என்று பேர் வைத்து வாயை மூடுகிறோம். அதோடு, பட்ட கஷ்டம் ஒரு பத்திரம் இல்லை, அதைக் காட்டிக் காட்டி ஆயுசு முழுக்க நியாயத்திலிருந்து தள்ளுபடி வாங்குவதற்கு. "நாங்க எவ்வளவு பட்டிருக்கோம் தெரியுமா" என்ற வாக்கியம் உண்மையாக இருக்கலாம். அதற்கு அடுத்த வாக்கியம் "ஆகவே நாங்கள் எதுவும் செய்யலாம்" என்று வந்தால், அங்கேதான் விழுகிறோம்.

நான் போட்ட கணக்கு

புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு ராத்திரி, பழைய ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஒரு கணக்கு எழுதினேன். என் மூன்று வருஷப் படிப்புக்கு யார் யார் என்ன கொடுத்தார்கள் என்று. அப்பா தறி முதலாளியிடம் வாங்கிய முன்பணம், அது இன்னும் கழியவில்லை. அண்ணன் சீட்டு. அண்ணி சீட்டு, வாரம் 250 வீதம். அம்மாவின் ஒரு ஜோடித் தோடு, இன்னும் அடகில். எண் போட முடிந்ததெல்லாம் போட்டேன். அக்காவின் பெயரை எழுதிவிட்டு எதிரே என்ன போடுவது என்று தெரியவில்லை. மில்லிலிருந்து அவள் அனுப்பிய பணத்தை எழுதலாம். அவள் படிக்காமல் போன படிப்புக்கு எத்தனை ரூபாய் போடுவது? அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டேன். இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

அந்த நோட்டை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை ஊருக்குப் போனேன். சினிமாவில் வருகிற மாதிரி எல்லாரும் கட்டிப்பிடித்து அழவில்லை. அண்ணி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்று, "அண்ணி, அன்னைக்கு நீங்க கேட்டது சரி. நான் பேசியிருக்கணும்" என்றேன். அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. "சரிங்க தம்பி, போய்ச் சாப்பிடுங்க" என்றார். நான் போகவில்லை. நோட்டைக் காட்டினேன். கை ஈரம் என்று சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். தன் பெயருக்கு எதிரே இருந்த தொகையை விரலால் தொட்டார். பிறகு, "ஆடி மாசம் மூணு வாரம் கட்டல. அதக் கழிச்சிருங்க" என்றார்.

கணக்குக் கேட்டதற்காக எந்த வீடு அவரைத் திட்டியதோ, அந்த வீட்டில் தனக்குச் சேராத 750 ரூபாயைத் தானாகக் கழிக்கச் சொன்னவர் அவர் ஒருவர்தான். நேர்மை யாரிடம் இருந்தது என்று இனிமேல் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

அம்மாவுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. "நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுறதுக்கா உன்னைப் படிக்க வச்சேன்" என்கிறார். அதற்குத்தானம்மா!

தோழர்களுக்கு

இன்னும் கொஞ்ச நாளில் வளாக நேர்காணல் வரும். நம்மில் பலர் சென்னை, ஓசூர், ஸ்ரீபெரும்புதூர் என்று போவோம். முதல் மாதச் சம்பளம் வந்தவுடன் வீட்டில் நம் குரலுக்கு ஒரு கனம் வந்துவிடும். நாம் சொன்னால் எடுபடும். நமக்காக அக்காவோ, அண்ணியோ, நாளை நம் மனைவியோ வாயை மூட வேண்டியிருக்கும். நமக்கு அது தெரியக்கூடச் செய்யாது. ஏனென்றால் எல்லாரும் நம்மிடம் அன்பாகத்தான் இருப்பார்கள். அந்த அன்புதான் ஆபத்து.

ஆகவே என் கருத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மேலே ஏறுவோம், அதில் வெட்கம் வேண்டாம். ஆனால் ஏணியைப் பிடித்துக்கொண்டிருக்கிற கைகளை எண்ணி வைத்துக்கொள்வோம். வீட்டில் யார் கணக்குக் கேட்டாலும், அவர் நேற்று வந்தவராக இருந்தாலும், நோட்டை விரித்துக் காட்டுவோம். சம்பாதிக்கிறவன் தட்டில் முழு முட்டை விழுந்தால் ஒரு தடவையாவது அதை இரண்டாக அறுப்போம். பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. அதைச் செய்யக்கூட எனக்குப் பதினெட்டு வருஷம் ஆகியிருக்கிறது.

கடைசியாக, நாவலின் தலைப்பைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். பிரிக்கவே முடியாத சிக்கலுக்கு ஒரு பேர் வைத்திருக்கிறார்கள் என்று. நாற்பது வருஷமாக நூலோடு இருக்கிறவர், சிரித்தார். "பிரிக்க முடியாத சிக்குன்னு ஒண்ணும் கிடையாதுப்பா. அவசரத்துல இழுத்தா இறுகும். தறிய நிறுத்திட்டு, வெளிச்சத்துல வச்சு, ஒவ்வொரு இழையா எடுக்கணும். தறிய நிறுத்த மனசு வராது, கூலி போயிரும்ல. அதான் எல்லாரும் இழுக்கறாங்க" என்றார்.

அண்ணி பேசிய அன்று கை கழுவ எழுந்து போனவர் அவர். இதைச் சொல்லிவிட்டு அவரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அண்ணியைக் கூப்பிட்டு, அடுத்த சீட்டு எப்போது ஏலம் என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை எங்க வீட்டில் அண்ணியிடம் ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

— மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை